பெரிய மாமாவின் பல்செட்டும் ஒரு குட்டி மெசினும்

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் பெரிய மாமாவின் பல் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. மேல் செட்டு மட்டும். மேசையில் முடுக்கிய வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில், இரண்டு ரப்பர் செருப்புத் துண்டுகளுக்கு நடுவே கடிபட்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தது.

பல்லின் சொந்தக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அதற்குக் காவல் இருந்தார்.

"ஏலே, எனக்க பல்ல செருப்புக்குள்ளயா வச்சிருக்க?"

பல் இல்லாத வாயிலிருந்து பாதி கேள்வி காற்றாகத்தான் வந்தது.

"புதுச் செருப்பு பெரியப்பா. ஒருத்தருக்க காலும் அதுல ஏறல. சோப்புப் போட்டுக் கழுவித்தான் வெட்டினேன்" என்றார் என் வீட்டுக்காரர் செல்வராஜ். "வெறும் இரும்புல வச்சு முடுக்கினா பல்லு பொட்டிப்போவும்."

"செருப்பு செருப்புதாம்ல."

இரண்டு பேருமே சொன்னது சரிதான். நான் அடுக்களை வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். சிரித்தால் இரண்டு பேரும் என்மேல் பாய்வார்கள்.

ஆனால் அன்றைக்கு அது சிரிக்கிற காரியமாக இருக்கவில்லை. பகலில் சாந்திக்கு நிச்சயம்.

சம்மதம் சொல்கிறவர்

சாந்தி என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. என் மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு எங்களோடுதான் இருந்தாள். கருங்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இதற்கு முன்னால் இரண்டு சம்பந்தங்கள் நிச்சயம் வரைக்கும் வந்து, நிச்சயத்தன்றே திரும்பிப் போயிருந்தன.

"மைனி, இதும் போச்சுன்னா இனி என்னைய யாரும் பட்டு உடுத்தி நிக்கச் சொல்லப்பிடாது" என்று அண்ணியான என்னிடம் சொல்லிவிட்டாள். அழவில்லை. மறுநாள் பாடத்துக்குச் சாக்பீஸ் எடுத்து வைப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு சம்பந்தமும் கெட்டதற்குக் காரணம் ஒரே ஆள். அவர்தான் ஸ்டூலில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். செல்வராஜுக்கும் சாந்திக்கும் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா.

எங்கள் பக்கத்து நிச்சயத்தில் ஒரு முறை உண்டு. போதகர் ஜெபம் பண்ணி முடித்ததும் பெண் வீட்டில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி "எங்க பிள்ளையத் தர எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மோதிரம். ஒரே ஒரு வரி. பெரிய மாமா அந்த வரிக்குப் போவதற்கு முன்னால் ஊர் முழுக்கச் சுற்றுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் சர்ச்சில் பாட்டுக்காரர் பெஞ்சு இடது பக்கம் கிடந்ததாம். ஒரு கூட்டத்தார் அதை வலது பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பெரிய மாமா இடதுகட்சி. சண்டை முற்றி, வலதுகட்சிக்காரர்கள் கொஞ்சம் தள்ளிப் போய்த் தனியாகச் சர்ச் கட்டிக்கொண்டார்கள். பெஞ்சு கறையான் அரித்து எந்தக் காலமோ ஆயிற்று. பெரிய மாமாவுக்கு மட்டும் அது இன்னும் கிடக்கிறது. எந்த மேடை கிடைத்தாலும் அதைத் தூக்கி இடது பக்கம் போடுவார். முதல் சம்பந்தக்காரர்கள் வலதுகட்சி வழியில் வந்தவர்கள். இரண்டாவது சம்பந்தக்காரர்களுக்குக் கட்சி கிடையாது, ஆனால் பசி இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் பெஞ்சு நகராததால் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

அவரைப் பேச வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அவர்தான் தகப்பன் ஸ்தானம்.

ஷார்ஜாவிலிருந்து வந்த குட்டி

இங்கே மெசினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

செல்வராஜ் ஷார்ஜாவில் அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் கம்பெனியில் இருந்தவர். வேலை முடிந்து ஊருக்கே வந்துவிட்டபோது, மற்றவர்கள் கம்பளி, சென்ட், பால்பொடி என்று இறக்க, இவர் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு மெசினைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்தார். ஒரு கைக்குள் அடங்கும். முனையில் பிட்டு என்கிற சின்னச் சின்ன அலகுகளை மாட்டி முடுக்கினால் சுற்றும். அறுக்கும், துளைக்கும், உரசும், மினுக்கும். வயர் கிடையாது, பேட்டரிதான். பெயர் ரோட்டரி டூல் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் குட்டி மெசின்.

கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாமல் ஊரே மெழுகுவர்த்தி வாங்கி அடுக்கிய வருடங்கள் அவை. கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓடுகிற மெசின் என்றால் சும்மாவா? குக்கர் கைப்பிடி ஆணி அறுக்க, பூட்டிய பெட்டியின் கொண்டியைத் துண்டிக்க, சிரட்டையில் கரண்டி செய்ய என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் மெசினைக் கையில் கொடுக்கவும் மாட்டார்.

அதைவிட, வந்தவர் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும்.

"கண்ணாடி போடாம இதத் தொடப்பிடாது. பொடி கண்ணுல தெறிச்சா கண்ணு போச்சு. பிட்டு மாத்தும்போ பேட்டரியக் கழத்தி வச்சிரணும். விரல் தெரியாம பட்டன்ல பட்டாலும் ஓடப்பிடாது, கேட்டியா? சாமானக் கையில பிடிச்சு அறுக்கப்பிடாது, வைஸ்ல வைக்கணும். அமுக்கப்பிடாது. மெசின் அதுக்க சோலியச் செய்யும், நீ சும்மா வழி காட்டினாப் போரும்."

ஆணி அறுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பாதியில் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "நான் கைப்பிடி இல்லாமலே சமைச்சுக்கிடுதேன் மக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை முடிந்த பிறகு அதைவிடப் பெரிய ஆராதனை. பேட்டரியைக் கழற்றி, பிட்டைக் கழற்றி, காற்றுப் போகிற ஓட்டைகளில் அடைத்த பொடியைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடைப்பார். ஈரத் துணி தொடக் கூடாது. பேட்டரி சுட்டால் ஆறின பிறகுதான் சார்ஜரில் வைக்க வேண்டும். சாவிக்கொத்து, ஆணி கிடக்கிற டப்பாவில் பேட்டரியைப் போடக் கூடாது, இரும்பு இரண்டு முனையையும் தொட்டால் தீப்பிடிக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இவ்வளவு முறைப்படி யாரும் என்னைத் துடைத்ததில்லை. அதையும் ஒருநாள் சொல்லிக் காட்டிவிட்டேன்.

உடைந்த மூலை

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய மாமா பல்லைக் கழுவும்போது அது கை வழுக்கித் துவைகல்லில் விழுந்தது. பல் ஒன்றும் உதிரவில்லை. மேல் செட்டின் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் உடைந்து, கத்தி முனைபோல் கூராக நின்றது. மாட்டினால் கன்னத்துக்குள் குத்தியது. பல் டாக்டர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். திங்கள்கிழமைதான் வருவார்.

வெள்ளி சாயங்காலம் பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து பல்லை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏலே, ஒனக்க மெசின எடு. நாளைக்கு எனக்குப் பறையணும்."

அடுக்களையில் சாந்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல் இல்லாவிட்டால் பெரிய மாமாவால் ஒரு வரிக்கு மேல் பேச முடியாது. எங்களுக்கு வேண்டியதும் ஒரு வரிதான். உடைந்த மூலை கர்த்தர் எங்களுக்குச் செய்த உபகாரம் என்றே நினைத்தோம். செல்வராஜோ, "காலையில வெளிச்சத்துல செய்து தாறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டார்.

நல்ல மனுஷன்தான். சில நேரம் அந்த நல்ல குணத்தை வைஸில் வைத்து முடுக்கத் தோன்றும்.

சட்டப்படி ஒரு சதி

விடிந்தும் விடியாமலும் ஒரு பெரிய கொசு பாடுகிற மாதிரி சத்தம் கேட்டு எழுந்தேன். சத்தம் சாந்தியின் அறையிலிருந்து வந்தது. கதவைத் தள்ளினால், அவள் தலைமுடியை விரித்துப் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்து, மெசினைக் கம்பளிக்குள் சுருட்டி மடியில் வைத்து ஓட விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யிய?"

"பேட்டரியத் தீக்குதேன் மைனி. காலையில கரண்டு கட்டு. அண்ணனுக்கு சார்ஜ் போட முடியாது."

கணக்கு டீச்சரல்லவா, கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரரோடு இத்தனை வருடம் இருந்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"முதல்ல அந்தக் கம்பளிய எடு. காத்து போற ஓட்டைய அடச்சா சூடு ஏறித் தீப்பிடிக்கும். முடியக் கெட்டு. ஒரு முடி மாட்டிச்சுன்னா தலையோட இழுக்கும். முனையில பிட்டு மாட்டியிருக்கியா?"

"இல்ல."

"அது நல்லது. கண்ணாடி எங்க?"

அவளுக்கு இறுகக் கொண்டை போட்டு, கண்ணாடியை மாட்டி, சேலை நுனியை இடுப்பில் செருகிவிட்டேன். ஜன்னலைத் திறந்து, மெசினைக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். சூடு ஏறியபோதெல்லாம் நிறுத்தி ஆற வைத்து மறுபடி ஓட்டினோம். செல்வராஜ் சொல்லித் தந்த ஒரு சட்டத்தையும் மீறாமல் அவருடைய பேட்டரியை ஒட்டத் தீர்த்தோம். கடைசியில் அது முனகி நின்றபோது சாந்தி கண்ணாடியோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஓட்டைகளைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துத்தான் இருந்த இடத்தில் வைத்தோம். அதில் குறை சொல்ல முடியாது.

காலையில் செல்வராஜ் பட்டனை அழுத்தினார். மெசின் அசையவில்லை. பெரிய மாமாவின் முகம் விழுந்தது. நானும் என் முகத்தை விழ வைத்தேன்.

"ஒண்ணும் இல்ல, ரெண்டாவது பேட்டரி இருக்கு" என்றார் செல்வராஜ்.

பீரோவைத் திறந்து, தன் கல்யாணச் சட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து இன்னொரு பேட்டரி. எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு பொருள் இருந்ததே என்று அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ராகுகாலத்துக்கு முந்தி

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ராகுகாலம் பார்க்க மாட்டோம். மாப்பிள்ளை வீட்டாரும் வேதக்காரர்கள்தான். பேச்சிப்பாறைப் பக்கம் அவர்களுக்கு வீடு. பகல் பதினொன்றரைக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். போதகருக்கும் அந்த நேரம்தான் சொல்லியிருந்தோம். ஆனால் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. பார்க்க மாட்டோம் என்பது வேறு, அந்த நேரத்தில் படி இறங்குவது வேறு. மாப்பிள்ளையின் அம்மா ஒன்பதுக்கு முன்னாலேயே எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டார். இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

செல்வராஜ் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தார். அவ்வளவு நேரம் எதில் போயிற்று என்று கேட்கக் கூடாது. செருப்பு வெட்டியதில் பாதி, பிரசங்கத்தில் பாதி. உப்புத்தாள் சுற்றிய குட்டி உருளையை மாட்டி, வேகத்தைக் குறைத்து வைத்து, "வேகம் கூடினா பிளாஸ்டிக் உருகிரும் பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தார். ரோஸ் நிறப் பொடி பறந்தது. அந்தச் சமயம் வாசலில் வேன் நின்றது.

நான் ஓடினேன். பெரிய மாமாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து தலையை ஆட்டி ஆட்டி வரவேற்றார்.

"அவருக்கு என்ன?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"பல்லுவலி" என்றேன். வலிக்க ஒரு பல் கூட அவர் வாயில் இல்லை.

மாப்பிள்ளை ஐசக் ரப்பர் தோட்டத்தில் சூப்பர்வைசர். அதிகம் பேசாத ஆள். கை கழுவ வேண்டும் என்றார். நான் தடுப்பதற்குள் பின்பக்கம் போய்விட்டார். பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தால், சாய்ப்பு வாசலில் அசையாமல் நிற்கிறார்.

உள்ளே கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் குனிந்திருந்தார். வேன் சத்தம் கேட்ட வெப்ராளத்தில், பதறிப்போய், முகம் துடைத்துத் தோளில் போட்ட துண்டை எடுக்க மறந்துவிட்டார். துண்டின் நுனி சுற்றுகிற முனைக்கு ஒரு விரல் தூரத்தில் ஆடியது. ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணினவர்!

நான் கத்தியிருந்தால் அவர் திடுக்கிட்டுத் திரும்பியிருப்பார். ஐசக் கத்தவில்லை. செல்வராஜின் பார்வை படுகிற இடமாகப் பார்த்து எதிரே போய் நின்று, நிறுத்தும்படி கையைக் காட்டினார். மெசின் முழுக்கச் சுற்றி நிற்கும் வரை பொறுத்தார். பிறகு துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

"இப்ப செய்யுங்க அண்ணா. நான் பிடிக்கணுமா?"

செல்வராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரையே பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

வைஸில் சிரித்துக்கொண்டிருந்தது யாருடையது என்று ஐசக் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

(பல்செட்டை வீட்டில் வைத்து உரசுவதை யாரும் இதைப் படித்துவிட்டுச் செய்யாதீர்கள். திங்கள்கிழமை டாக்டர் அதைப் பார்த்துவிட்டு பெரிய மாமா, செல்வராஜ், நான் மூன்று பேரையும் நிற்க வைத்துத் திட்டினார்.)

பெஞ்சு மறுபடியும்

போதகர் வந்தார், ஜெபம் முடிந்தது. கழுவித் துடைத்த பல்லோடு பெரிய மாமா எழுந்தார். குரல் கணீரென்று வந்தது. செல்வராஜின் வேலை சுத்தம். 

"எங்க குடும்பம் எப்பிடிப்பட்ட குடும்பம்னு உங்களுக்குத் தெரியணும். அந்தக் காலத்துல எங்க சர்ச்சுல பாட்டுக்காரருக்க பெஞ்சு இடத்த பக்கம்தான் கெடந்தது. ஒரு கூட்டம் அத வலத்த பக்கம் இழுத்துப் போட்டானுவ…"

"இழுத்துப் போட்டது எங்க அப்பாதான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவர் பேச்சிப்பாறைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். பிறந்தது எங்கள் பக்கம் என்று தெரியும், எந்தப் பக்கம் என்று நாங்கள் விசாரிக்காமல் விட்டுவிட்டோம்.  

"அப்பிடியா?" பெரிய மாமா மார்பை நிமிர்த்தினார். "எந்த அதிகாரத்துல இழுத்தாரு?"

அந்த அம்மா சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். போனது மூன்றாவதும் என்று நான் நினைத்தபோது, அறை வாசலில் பட்டு உடுத்து நின்ற சாந்தி நடந்து நடுவீட்டுக்கு வந்தாள். நேராகப் பெரிய மாமாவின் முன்னால் போய் வலது கையை நீட்டினாள்.

"பெரியப்பா, பல்லக் கழத்தி எனக்கிட்ட தாங்க."

அவருக்கு விளங்கவில்லை. "என்ன மக்களே?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணும் பெரியப்பா." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "பெஞ்சு வேண்டாம். எனக்கு இவரக் கெட்டணும்."

எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று பெண் வாய் திறப்பதில்லை. போதகரே வேதத்தை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பெரிய மாமா அவள் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, மேல் செட்டைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றார். காற்றாகத்தான் வந்தது. உதடு உள்ளே மடங்கி, முகம் சின்னதாகிவிட்டது. "எனக்க தம்பிக்க பிள்ளையாக்கும். அவன் இருந்தா நல்லாப் பறைஞ்சிருப்பான். எனக்குப் பறையத் தெரியாது. கொண்டு போங்க. நல்லாப் பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். துண்டால் வாயைப் பொத்தியவர், கண்ணையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். எத்தனை வருடப் பெஞ்சுக் கதைக்குள் இந்த மனுஷன் தம்பி போன துக்கத்தை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். 

எழுந்த மாப்பிள்ளையின் அம்மா நின்றபடியே அவரைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "மக்கா, அவருக்குக் குடிக்க வெள்ளம் குடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

போதகர் மோதிரத்துக்குச் சைகை காட்டினார். ஐசக் மோதிரத்தோடு சாந்தியின் முன்னால் வந்து நின்றார். சாந்தியின் வலது கையில் பல் இருந்தது. வைக்க இடமில்லாமல் அவள் என்னைத் தேடினாள். நான் தண்ணீர் எடுக்கப் போய் அடுக்களைப் படியில் நின்றேன்.

ஐசக் தன் இடது கையை நீட்டினார். அவள் கையிலிருந்து பல்லை எடுத்து, பூப்போல மூடிக்கொண்டு, மற்றக் கையால் மோதிரத்தைப் போட்டார். போதகர் நீண்ட ஜெபம் ஒன்று பண்ணினார். அது முழுக்க ஐசக் கண்ணை மூடி, தலை குனிந்து, கையில் பல்லோடு அப்படியே நின்றார். ஆமென் சொன்னதும் பெரிய மாமாவிடம் போய் இரண்டு கையாலும் அதைக் கொடுத்தார்.

பெரிய மாமா அதை வாங்கி மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"மாப்பிள்ள, சாப்பிட வாங்க" என்றார்.